முளையோடு ஓடிய கயிறு

அவள் போட்ட முடிச்சை அவளைத் தவிர வேறு யாரும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டை ஒரு பழைய துண்டில் வைத்து முடிந்து கொண்டுவருவாள். நாங்கள் எல்லோரும் பாதி தின்று முடித்திருப்போம். அவள் அப்போதும் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பாள், பல்லும் நகமுமாக. பசி நேரத்தில் அதைப் பார்க்கிற எங்களுக்கே எரிச்சல் வரும். "ஏன்டி, தயிர்சாதம் எழுந்து ஓடிடுமா, இவ்ளோ இறுக்கிக் கட்டிக்கினு வர்றே?" என்று கேட்டால், "கட்டுனா கட்டுனதுதான்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எனக்கு வாய் இருந்ததால் எங்கள் சிநேகிதம் ஓடியது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கேயாவது படித்துவிட்டு, "என் பேர எதுக்குடி இழுத்தே" என்று வந்து நிற்பாள். வந்து நின்றால் எனக்குச் சந்தோஷம்தான், இருந்தாலும் வேண்டாம். அவள் வீட்டு எருமையின் பெயரை எழுதலாம், அது சண்டைக்கு வராது. செல்லி.

நான் குன்றத்தூர், அவள் பிள்ளைப்பாக்கம். இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துக்கொண்டிருந்தோம். பெண்கள் பன்னிரண்டே பேர். இன்றைக்கு ஒரகடம் பக்கம் போனால் கம்பெனி கம்பெனியாக நிற்கிறதே, அப்போது அதெல்லாம் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்திருந்தது. ஆனால் வரப்போகிறது, எல்லோருக்கும் வேலை வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் டீக்கடைக்கு டீக்கடை இருந்தது. அதை நம்பித்தான் எங்களையும் படிக்கப் போட்டிருந்தார்கள்.

படிப்பிலும் அவள் அப்படித்தான். வயரையும் வயரையும் முறுக்கி இணைக்கச் சொன்னால், எங்கள் இணைப்பு சார் தொட்டவுடன் கழன்று வரும். அவளுடையதைக் குறடு போட்டு வெட்டித்தான் பிரிக்க வேண்டும். "இது கரண்டு போற கம்பிம்மா, யானைச் சங்கிலி இல்ல" என்று சார் தலையில் அடித்துக்கொள்வார். மார்க்கு மட்டும் முழுசாகப் போடுவார்.

ஒரு சுதந்திர தினத்தன்று கொடி கட்டும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் புதிதாக வந்தவர், பாவம். கொடிக்குள் பூவை வைத்து மடித்து, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்ட வேண்டும். சிறப்பு விருந்தினராக ஒரு கம்பெனியின் பெரிய மேனேஜர் வந்திருந்தார். கொடி மேலே போய்ச் சேர்ந்தது. அவர் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு காலைக் கம்பத்தில் ஊன்றி இழுத்தார். கம்பம் ஆடியதே தவிர கொடி பொட்டலம் பொட்டலமாகவே இருந்தது. கடைசியில் கீழே இறக்கி, அவளே வந்து அவிழ்த்து, மறுபடி ஏற்றி, பூ ஒரு வழியாக மேனேஜர் வழுக்கையில் கொட்டியது. பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டியபோது அவள் சொன்ன பதில் எங்கள் ஐ.டி.ஐ.யில் ரொம்ப நாள் ஓடியது. "பாதி வழியில அவுந்துட்டா கொடிக்கு மரியாதையா சார்?"

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் கேட்காமலே. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா கட்டிய கன்றுக்குட்டி ஒன்று கயிறு அவிழ்ந்து பெங்களூர் ரோட்டுக்குப் போய்விட்டது. லாரி. அவ்வளவுதான். "அதுலேர்ந்து வூட்ல நான்தான் கட்டுறது" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கட்டுவது மட்டும் இல்லை, கறப்பதும் அவள்தான். அம்மாவுக்குக் கழனியில் விழுந்து கை முறிந்து, கட்டுப் போட்டிருந்தார்கள். அப்பாவைக் கண்டாலே செல்லி உதைக்கும். மாட்டு டாக்டர் ஊசி போட வந்தபோதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான், அதை அது மறக்கவில்லை. வேறு யார் கை பட்டாலும் பாலை எக்கிக்கொள்ளும், சொட்டு இறங்காது. அதனால் விடிவதற்கு முன் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, இரண்டுக்கும் இவள் இருந்தாக வேண்டும். சினிமாவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தாலி கட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். கிளாஸ் முடிகிற மணி அடிக்கும்போது அவள் பஸ் ஸ்டாண்டில் இருப்பாள்.

இப்படிப்பட்டவள் கப்பலுக்கு வருகிறேன் என்று கை தூக்கினால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது.

1991, பொங்கல் முடிந்த வாரம். மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல் வந்திருந்தது. இளைஞர்களுக்குக் கடல் பழக்கம் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக் கப்பல். காலையில் ஏறினால் கோவளம் வரை கரையோரமாகவே ஓட்டிக் காட்டி சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரு நாள் கிடைத்தது. அது மட்டும் இல்லை. அன்றைக்கு நன்றாக வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பொறுக்கி கப்பலிலேயே நிறுத்திக்கொள்வார்கள். மறுநாள் விடியற்காலையில் கப்பல் விசாகப்பட்டினம் புறப்படும், ஒரு வாரம் கடல்.

அந்த ஒரு இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். முடிவு செய்ததோடு சும்மா இருந்தேனா. எங்கள் தெரு முழுக்கச் சொன்னேன். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். மலைக்கோயிலுக்குப் போய் முருகனிடம் சொன்னேன். துணிமணி ஒரு பையில் எடுத்து வைத்து அதற்குப் பூட்டும் போட்டேன். அப்பா, "இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள இறங்குற ஊரு பேரெல்லாம் சொல்றியே" என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

அன்றைக்கு வேன் பிள்ளைப்பாக்கம் கூட்டு ரோட்டில் நின்றபோது அவள் நேராகக் கொட்டகையிலிருந்தே வந்து ஏறினாள். நாங்கள் எல்லோரும் சுடிதாரில் இருந்தோம், அவள் மட்டும் பாவாடை தாவணி. வேன் முழுக்கச் சாணி வாசனை. டிரைவரிடம் போய், "அண்ணே, சாயங்காலம் கறவைக்குள்ள வந்துடலாம்ல?" என்று கேட்டாள். தண்டலம் தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்டாள். அவர், "எம்மா, கப்பல் என் கையிலயா கீது" என்று கும்பிட்டார்.

துறைமுகத்தில் அந்தக் கப்பலைப் பார்த்ததும் எனக்கே பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பாய்மரம். ஒவ்வொன்றும் எங்கள் ஊர் தேரை விட உயரம். மேலிருந்து கீழ் வரை கயிறு, கயிறு, கயிறு. நான் கப்பலைப் பார்த்தேன், அவள் கயிற்றைப் பார்த்தாள். கப்பலில் ஏறிய உடனே ஒரு கயிற்றைக் கையில் எடுத்து, முறுக்கைப் பிரித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"அது மாடு கட்டுற கயிறு இல்லம்மா" என்றார் ஒருவர். அவர்தான் செராங்கு, கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. தூத்துக்குடிக்காரர், கறுத்து இறுகிய மனிதர், எங்களைப் பார்த்த பார்வையிலேயே நம்பிக்கை இல்லை. "ஏ பிள்ளைகளா, 'ஹபேஸ்'னு சொன்னா இழுக்கணும். 'ஆரியா'ன்னு சொன்னா அந்த நிமிசமே விடணும். இது ரெண்டும் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். எங்கள் கூட வந்த மேடம் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் இஞ்சினை நிறுத்தினார்கள். திடீரென்று ஒரு அமைதி. பிறகு செராங்கு, "ஹபேஸ்" என்று இழுத்து ஒரு குரல் கொடுத்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே கயிற்றில் வரிசையாக நின்று இழுத்தோம். "ஹபேஸ்." இழு. "ஹபேஸ்." இழு. தலைக்கு மேலே பாய் மடிப்பு மடிப்பாக விரிந்து மேலே போகிறது. உள்ளங்கை எரிகிறது, யாரோ என் காலை மிதிக்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். பாய் முழுசாக ஏறியதும் காற்று படாரென்று அதில் வந்து உட்கார்ந்தது. கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. நாங்கள் இழுத்த இழுப்பில் இவ்வளவு பெரிய கப்பல் ஓடுகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மெரினாவை அன்றைக்குத்தான் கடலில் இருந்து பார்த்தேன். மாங்காய் சுண்டல் விற்கிறவர்கள், பட்டம் விடுகிறவர்கள், எல்லோரும் எறும்பு. கலங்கரை விளக்கம் கைக்கெட்டும் போல இருந்தது. சாந்தோம் கோபுரம் பின்னால் போனது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கப்பலின் முன்மூக்கில் போய் நின்றாள். தண்ணீர் தெறித்துத் தெறித்துத் தலையிலிருந்து கால் வரை நனைந்துவிட்டாள். "வாடி இங்க, வாடி" என்று என்னை இரண்டு கையாலும் கூப்பிட்டாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

கேப்டன் எனக்குச் சுக்கானைப் பிடிக்கக் கொடுத்தார். அவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர். "நல்லா பிடிக்கிறே" என்று சொன்னார். மேடம் என் காதுக்குள், "உனக்குத்தான் கிடைக்கும்னு நெனைக்கிறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே நேராக ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

மத்தியானத்துக்குள் முக்கால்வாசிப் பேர் விழுந்துவிட்டோம். கப்பல் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பாய்மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தயிர்சாதத்தை முழுசாகத் தின்றுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கப்பலைச் சுற்றி வந்தாள்.

கப்பலின் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஒரு பலகை. அதில் துளை போட்டு வரிசையாக மரக்கட்டைகளைச் செருகியிருந்தார்கள். அச்சு அசல் மாடு கட்டுகிற முளைக்குச்சி. மேலே பாய்களிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு கயிறும் ஒவ்வொரு முளையில் மாற்றி மாற்றிச் சுற்றி விடப்பட்டிருந்தது. வெறும் சுற்றுதான், முடிச்சு என்று எங்கேயும் இல்லை.

"இன்னாடி இது, எல்லாம் சும்மா சுத்திவுட்டுக் கீது" என்று அவள் குரல் கேட்டது. "ஒண்ணுத்துக்கும் முடிச்சே போடல பாரேன்." நான் கண்ணைத் திறக்காமலே, "மறந்துட்டிருப்பாங்க" என்றேன். எனக்கு அந்த நிலைமையில் வேறு என்ன சொல்லத் தோன்றும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது அவள் ஓரப் பலகையோடு குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கமும் போனாள். பிள்ளைப்பாக்கத்துக் கொட்டகையில் எருமைக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். எனக்கும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது.

கோவளத்தில் திரும்ப வேண்டிய நேரத்தில் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பொங்கல் முடிந்து மழை வராது என்பதெல்லாம் கரையில் இருப்பவர்களுக்கு. முதலில் காற்று சட்டென்று நின்றது. பிறகு வேறு பக்கத்தில் இருந்து வந்து மொத்தமாக மோதியது. கப்பல் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது. தட்டு, டம்ளர், எங்கள் செருப்பு, எல்லாம் ஒரு பக்கமாக உருண்டன. தாழ்ந்த பக்கத்து ஓரப் பலகையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. நான் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முருகா முருகா என்று கத்தினேன், விசாகப்பட்டினம் போகிற ஆசையெல்லாம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

"ஆரியா, ஆரியா" என்று செராங்கு குரல். கயிற்றை விட்டால் பாயில் இருக்கிற காற்று கலைந்துவிடும், கப்பல் நிமிர்ந்துவிடும். அதற்காகத்தான் முடிச்சுப் போடாமல் வைத்திருக்கிறார்கள், ஒரு வீச்சில் சுற்றைக் கழற்றிவிட வசதியாக. ஆட்கள் முளைக்கு ஓடினார்கள். கை வைத்தார்கள். வரவில்லை. அடுத்த முளை. அதுவும் வரவில்லை. செராங்கு குனிந்து பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். பேயை நேரில் பார்த்த முகம். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அப்படியே சறுக்கிக்கொண்டு தாழ்ந்த பக்கத்துக்குப் போனாள். முழங்கால் வரை தண்ணீர். "முடிச்சத் தொடாதீங்க, வராது. முளையப் புடுங்கு, முளையப் புடுங்குடி" என்று கத்தினாள். கத்தினது என்னைப் பார்த்துத்தான். நான் எப்படிப் பாய்மரத்தை விட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முளையைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தோம். ஆடியது. இன்னொரு இழுப்பு. டப்பென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. வந்ததுதான் தாமதம், கயிறு எங்கள் கையை உதறிவிட்டு முளையோடு சேர்ந்து மேலே பறந்தது, மிரண்ட எருமை முளையை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடுமே அப்படி. அந்தப் பக்கம் செராங்கும் கத்தியைப் போட்டுவிட்டு இன்னொரு முளையைப் பிடுங்கியிருந்தார். அவருக்குத் தெரியாத வித்தையா. பாய் இடி மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. முளை ஒன்று கழன்று கடலில் போய் விழுந்தது. கப்பல் மெதுவாக, ரொம்ப மெதுவாக நிமிர்ந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேடம் எங்களை எண்ணினார், மறுபடி எண்ணினார், பிறகு உட்கார்ந்து அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் போன சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. அவளும் சிரித்தாள். தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேப்டன் சிரிக்கவில்லை. "யார் இந்த முடிச்சு போட்டது?" என்றார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் கை மேலே இருந்தது. "நான்தான் சார். முளைக்கு முளை அவுந்து கெடந்துச்சு. கட்டுனேன்."

"எத்தனை கட்டினே?"

"எல்லாத்தையும் சார். அந்தப் பக்கமும்."

கேப்டன் செராங்கைப் பார்த்தார். செராங்கு வானத்தைப் பார்த்தார். பிறகு கேப்டன் அவளை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார், பாதி தமிழ், பாதி மலையாளம். அத்தனை உயிரும் போயிருக்கும் என்றார். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "இன்னிக்குத் தப்புதான் சார். இனிமே கேக்காம கட்டமாட்டேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

திரும்பும்போது காற்று எதிர் என்பதால் இஞ்சினில்தான் வந்தோம். கரை வரும் வரை அவள் ஒவ்வொரு முளையாகப் போய்த் தன் முடிச்சை அவிழ்த்தாள். நனைந்து இறுகிப்போன முடிச்சு, பல்லாலும் கடித்தாள். அவிழ்த்த கயிற்றைச் செராங்கு சுற்றிக் காட்டியபடி சுற்றி விட்டாள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை வீசிக் கழற்றிப் பார்த்து, மறுபடி சுற்றினாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. விரல் நுனியெல்லாம் தோல் போயிருந்தது, அவள் முகத்தைப் பார்த்தால் திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

கரை சேர்ந்ததும் கேப்டன் எங்களை மேல்தளத்திலேயே வரிசையாக நிறுத்தினார். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "செராங்கே, நீ சொல்லு" என்றார்.

செராங்கு யோசிக்கவே இல்லை. "இந்தப் பிள்ளதான் சார்" என்று அவளைக் காட்டினார். "இது செஞ்ச வேலைக்கு முதுகுல ரெண்டு வைக்கணும். ஆனா கயித்தக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்கு பாத்தியளா. எனக்கு அது போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை, வேறு என்ன. மளிகைக் கடைக்காரர் முகம் வேறு கண் முன்னால் வந்து நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், முடியாது என்று.

"ஏன், வீட்டிலே விடமாட்டாங்களா?" என்றார் கேப்டன்.

"வூட்ல வுடுவாங்க சார். எரும வுடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள், அம்மா கை, அப்பாவின் ஊசி, செல்லி, எல்லாம். ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது அவள் கை ஓரப் பலகையில் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தது. கேப்டன் என் பக்கம் திரும்பினார். "அப்போ நீ" என்று சொல்லப்போகிறார், எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு மூச்சு நேரம் நான் சும்மா நின்றிருந்தால் போதும். அவள் பிடித்திருந்த கயிற்றை விடவில்லை. விரல் வெளுத்துப் போயிருந்தது.

"நான் கறக்குறேன் சார்" என்றது என் வாய்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயா? எருமைய எந்தப் பக்கம் கறக்கணும்னு தெரியுமாடி உனுக்கு?"

"அடிப்பக்கம்னு தெரியும்ல, மீதிய உங்க அம்மா சொல்லிக்குடுப்பாங்க. போடி."

"ஒரு வாரம்டி."

"ஒரு வாரம்தானே. போய்த் தொலையேன்டி" என்று கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன். வேறு ஊர்களில் இதே மாதிரிப் பொறுக்கிய பெண்கள் நாலைந்து பேரும் அவர்களுக்கு ஒரு டீச்சரம்மாவும் கப்பலில் இருந்ததால் மேடமும் ஒரு வழியாகச் சரி என்றார். "உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அவளிடம்.

எங்கள் வேன் கிளம்புகிற நேரத்தில் அவள் கப்பல் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடி வந்தாள். கையிலிருந்த ஒரு மூட்டையைக் கரைக்கு வீசினாள். நான் பிடித்தேன். அவள் தாவணி, சுருட்டி, முடிச்சுப் போடாமல் வெறும் சுற்றாகச் சுற்றி. "அத மேல சுத்திக்கினு கறடி. நான்தான்னு நெனச்சுக்கும். இல்லாட்டி ஒதைக்கும்" என்று கத்தினாள். அதற்குள் செராங்கு கூப்பிட்டார், ஓடிவிட்டாள். டாட்டா காட்டக்கூட இல்லை.

பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கறவை நேரம் தாண்டி, மடி கனத்து, செல்லி கத்துகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அவள் அப்பா வாசலில் நின்றார். மேடம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "போவட்டும், நல்லா போவட்டும். ஆனா இத இப்ப யாரு கறக்குறது?" என்றார். மேடம் என்னைக் காட்டினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது நான் கண்டிப்பாக நம்பிக்கை தருகிற மாதிரி இருந்திருக்கமாட்டேன், சுடிதார் முழுக்க வாந்தி.

தாவணியை மேலே சுற்றிக்கொண்டேன். அவள் அம்மா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்கு விரல் மடக்கிக் காட்டினார். கன்றை முதலில் ஊட்டவிட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இந்தாம்மா, ஒண்ணு மட்டும். அவ கறக்க சொல்லோ பேசவே மாட்டா. நீ வாயத் தொறந்தே, கண்டுபுடிச்சுடும்" என்றார். அப்பா தூரமாகவே நின்றுகொண்டார்.

நான் செம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். செல்லி தலையைத் திருப்பியது. அவ்வளவு பெரிய முகம். கொம்பு என் காதை உரசியது. மூக்கை என் தோளில் வைத்து ஒரு மூச்சு இழுத்தது, இன்னொரு மூச்சு இழுத்தது. அவள் வாசனையும் இருந்தது, அது அறியாத ஏதோ ஒன்றும் இருந்தது. பின்னங்கால் தூக்குவது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சொரசொரவென்று ஒரு நாக்கு தாவணியில் பட்டது. கடல் தண்ணீர் காய்ந்து அந்தத் துணி முழுக்க உப்பு பூத்திருந்தது. செல்லி தோளிலிருந்து முதுகு வரை ஒரு இழுப்பு நக்கியது. அப்புறம் இன்னொன்று. கால் கீழே இறங்கியது. என் விரலுக்குள் மடி இளகியது. நான் இழுத்தேன், செம்பில் சர்ரென்று முதல் பால் விழுந்தது.

ஊரையே கூட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. வாயை இறுக மூடிக்கொண்டு கறந்தேன்.